காதுக்கு முன்னால் ஒரு மூட்டு



உங்கள் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் கன்னத்தில் வையுங்கள். வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று உருண்டு முன்னே போய்த் திரும்பி வருகிறதல்லவா? அதுதான் தாடை மூட்டு. சிலருக்கு அங்கே ‘டக்’கென்று ஒரு சத்தமும் கேட்டிருக்கும். கேட்டவர்கள் பயப்பட வேண்டாம். ஏன் பயப்பட வேண்டாம், எப்போது கவனிக்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பற்களையும் தாடைகளையும் படம் எடுத்து, அந்தப் படத்தைப் படிப்பது என் தொழில். பல் மருத்துவர்கள் எடுக்கும் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பல்லுக்கு மட்டுமே உரியவை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த மூட்டின் எலும்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எப்படிச் சிதைகிறது, சிதைந்தபின் எப்படித் தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்பதில் இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு அந்தப் படங்கள் தந்ததுதான். அதே படங்கள் நம்மைத் தவறான வழியில் இழுத்துச் சென்றதும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் மூட்டின் அமைப்பு. கீழ்த்தாடை ஒரே எலும்பு. அதன் இரண்டு கைகளும் மேல்நோக்கி எழுந்து, உச்சியில் ஆளுக்கொரு குமிழாக முடிகின்றன. பெரியவர்களுக்கு அந்தக் குமிழின் குறுக்களவு 15 முதல் 20 மில்லிமீட்டர். முன்பின்னாக 8 முதல் 10 மில்லிமீட்டர்தான். மண்டையோட்டின் அடியில், பொட்டெலும்பில், அந்தக் குமிழுக்கென்று ஒரு குழி இருக்கிறது. குழிக்கு முன்னால் சரிவான ஒரு மேடு. குமிழுக்கும் குழிக்கும் இடையில் நடுவே மெலிந்து, ஓரங்களில் தடித்த ஒரு வட்டு. இந்த வட்டு மூட்டை மேல் அறை, கீழ் அறை என இரண்டாகப் பிரிக்கிறது. நீங்கள் வாயைத் திறக்கத் தொடங்கும்போது கீழ் அறையில் குமிழ் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. ஏறத்தாழ 20, 25 மில்லிமீட்டர் திறந்தபின், வட்டையும் உடன் அழைத்துக்கொண்டு குமிழ் மேட்டின் சரிவில் முன்னோக்கி வழுக்கி இறங்குகிறது. இப்படிச் சுழற்சியும் வழுக்கலும் சேர்ந்தால்தான் முழு வாய், அதாவது 40 மில்லிமீட்டருக்கு மேல், திறக்கும்.

முழங்கால் ஒன்று மடங்கும்போது மற்றது நீட்டியபடி இருக்கலாம். தாடை மூட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளைப் போல வலது மூட்டும் இடது மூட்டும் சேர்ந்தே போயாக வேண்டும். ஒன்று நொண்டினால் மற்றது அந்தச் சுமையைத் தாங்கும். வலது பக்கம் வலிக்கிறது என்று வருபவரின் இடது மூட்டையும் நாங்கள் கேட்காமலே பார்ப்பது அதனால்தான்.

இன்னொரு தனிச்சிறப்பும் உண்டு. முழங்காலிலும் இடுப்பிலும் எலும்பு முனையைப் போர்த்தியிருப்பது பளபளப்பான குருத்தெலும்பு. இங்கே போர்த்தியிருப்பது நார் நிறைந்த வேறொரு வகைத் திசு. அது சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும்; சேதமானால் சரிசெய்துகொள்ளும் திறனும் அதற்குக் கூடுதல். வாழ்நாள் முழுக்க, மெல்லும் விதத்துக்கும் பல் இழப்புக்கும் ஏற்ப, இந்தக் குமிழின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது. எனவே படத்தில் வடிவம் மாறித் தெரிகிறது என்பதற்காக மட்டும் அதை நோய் என்று சொல்லிவிட முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; திரும்பத் திரும்ப இங்கேதான் வந்து நிற்கப்போகிறேன்.

மூட்டு ஏன் காதை ஒட்டியே இருக்கிறது என்று ஒரு மாணவர் கேட்டால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும், ஏனென்றால் விடை அவ்வளவு அழகானது. ஊர்வனவற்றின் தாடை மூட்டில் இருக்கும் இரண்டு சிறு எலும்புகள், பாலூட்டிகளில் நடுக்காதுக்குள் இடம்பெயர்ந்து ஒலியைக் கடத்தும் எலும்புகளாகிவிட்டன. 1837இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் கார்ல் ரைகெர்ட் கருவளர்ச்சியை ஆராய்ந்து இதைச் சொன்னார். பின்னாளில் புதைபடிவங்களும் அதையே காட்டின. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மோர்கனுகோடான் என்ற மூஞ்சூறு அளவு விலங்கின் தாடையில் பழைய மூட்டும் புதிய மூட்டும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. நம் தாடை மூட்டு அந்தப் புதிய மூட்டின் வாரிசு. நம் காதுச் சுத்தி எலும்பு கருவில் உருவாவதும் கீழ்த்தாடைக்கு வழிகாட்டும் அதே குருத்தெலும்பின் நுனியிலிருந்துதான்.

இந்த நெருக்கம் மருத்துவத்தில் நீண்ட குழப்பத்தையும் விளைவித்தது. 1934இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குத் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்கிறது. குமிழ் பின்னால் போய் அழுத்துகிறது. அதனால்தான் காதுவலி, இரைச்சல், தலைசுற்றல் எல்லாம் என்றார். அவர் சொன்ன உடற்கூற்று விளக்கம் பிறகு நிலைக்கவில்லை. ஆனால் காதுவலி என்று வருபவரின் தாடையையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அவரால் மருத்துவத்துக்குள் வந்தது. நம் ஊரில் இன்றும் காதில் சொட்டு மருந்து விட்டுவிட்டுக் களைத்தபின் எங்களிடம் வந்து சேர்கிறவர்கள் நிறையப் பேர்.

சரி, இந்த மூட்டைப் படம் எடுப்பதில் அப்படி என்ன சிரமம்?

வில்ஹெல்ம் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பரில். சில வாரங்களுக்குள்ளேயே, 1896 ஜனவரியில், ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் ஓட்டோ வால்காஃப் என்ற பல் மருத்துவர் தன் சொந்தப் பற்களையே படம் எடுத்தார். அதற்காக அவர் 25 நிமிடம் கதிரின் முன்னால் அசையாமல் இருந்தார். நியூ ஆர்லியன்ஸ் நகரின் எட்மண்ட் கெல்ஸ் அமெரிக்காவில் பல் எக்ஸ்ரேக்கு வழி திறந்தவர். கதிரின் ஆபத்து அறியாத காலம்; ஆண்டுக்கணக்கில் அவர் கைகளில் பட்ட கதிர் புற்றுநோயாக மாறியது. ஒன்றன்பின் ஒன்றாக விரல்களையும் பின்பு கையையும் இழந்தார். 1928இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இன்று ஒரு விநாடியின் சிறு பகுதியில் நாங்கள் எடுக்கும் படத்துக்குப் பின்னால் அந்த மனிதரின் கைகள் இருக்கின்றன. கதிர் அளவைப் பற்றி மாணவர்களிடம் பேசும்போதெல்லாம் நான் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

பல்லைப் படம் எடுப்பது எளிது. படச்சுருளை வாய்க்குள் வைத்துவிடலாம். மூட்டுக்கு அப்படிச் செய்ய முடியாது. பக்கவாட்டில் நேராகக் கதிரைச் செலுத்தினால் வலது மூட்டின்மேல் இடது மூட்டு விழுந்து, இரண்டின்மீதும் உள்காதைப் பொதிந்திருக்கும் கெட்டியான எலும்பு விழுந்து, ஒன்றும் விளங்காது. அதனால் எதிர்ப்பக்கத்து மண்டையோட்டின் மேலிருந்து சாய்வாகக் கதிரைச் செலுத்திப் பார்த்தார்கள். அப்போது தெரிந்தது குமிழின் வெளி ஓரம் மட்டும்தான். நடுவிலும் உள் ஓரத்திலும் என்ன நடக்கிறது என்பது மறைவாகவே இருந்தது. வட்டு எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. 1940களில் டென்மார்க்கின் ஃபிளெமிங் நோர்கார்ட் மூட்டுக்குள்ளேயே ஊசிவழி மருந்தைச் செலுத்தி, அந்த மருந்தின் நிழலில் வட்டின் வடிவத்தைக் கண்டார். நோயாளிக்கு வலி மிகுந்த வழி அது.

ஓபிஜி என்று நீங்கள் எல்லோரும் அறிந்த படம் பின்லாந்தின் இர்யோ பாட்டெரோ தந்த கொடை. 1940களின் இறுதியில் தொடங்கி, தலையைச் சுற்றிக் கதிர்க்குழாயையும் படச்சுருளையும் ஒருங்கே நகர்த்தி, காதிலிருந்து காதுவரை வளைந்த தாடையை ஒரே தட்டையான படமாக விரித்துக் காட்டும் முறையை அவர் உருவாக்கினார். இரண்டு மூட்டுகளும் அதில் ஒன்றாகத் தெரியும். குமிழ் உடைந்திருந்தால் தெரியும். ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் வளராமல் போயிருந்தால் தெரியும். மூட்டு வலிக்கு முதல் படமாக அதையே நானும் எடுக்கச் சொல்வேன்.

ஆனால் அதன் எல்லையும் அங்கேயே இருக்கிறது. குமிழின் நீள அச்சு முகத்துக்கு நேராக இல்லை. உள்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு ஆளுக்கு ஆள் வேறு. ஒருவரின் இரண்டு பக்கத்துக்குமே வேறு. ஓபிஜியின் கதிர் அதைக் குறுக்காகக் கடக்கிறது. தலையை ஓரிரு பாகை திருப்பி வைத்தாலே நல்ல குமிழ் தட்டையாகத் தெரியும், தட்டையான குமிழ் உருண்டையாகத் தெரியும். அரிப்பின் தொடக்கம் அதில் தெரிவதே இல்லை. சாதாரண எக்ஸ்ரேயில் ஓர் இழப்பு கண்ணுக்குப் புலப்பட வேண்டுமானால் அந்த இடத்துச் சுண்ணாம்புச் சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்க வேண்டும்.

எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல்தான். அப்படிப்பட்ட நிழல்களிலிருந்து பொருளை மீட்டெடுக்க முடியுமா என்ற கேள்விக்கு 1917லேயே ஆஸ்திரியக் கணித அறிஞர் யோஹான் ரேடான் விடை கண்டிருந்தார். எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரு பொருளின் நிழல்கள் கிடைத்தால் அந்தப் பொருளையே திரும்பக் கட்டிவிடலாம் என்பது அவர் நிறுவிய கணிதம். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு இங்கிலாந்தில் சிடி ஸ்கேனை உருவாக்கி, 1971 அக்டோபரில் முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தார். அதே 1971இல்தான் ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிழல்களை அப்படியே திரும்பப் பரப்பினால் படம் புகைபடிந்ததுபோல் மங்கிப் போகும். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு கணித வடிகட்டியில் போட்டு அதன் விளிம்புகளைக் கூர்மையாக்கிவிட்டு, பிறகு பரப்பினால் படம் தெளிவாக வரும்; கணக்கும் விரைவாக முடியும். இதுதான் அவர்கள் காட்டிய வழி. உலகெங்கும் ஸ்கேன் பொறியாளர்கள் இன்றும் அந்த வடிகட்டியை இருவர் பெயரையும் சேர்த்து ‘ராம்-லாக்’ என்றுதான் அழைக்கிறார்கள்.

ராமச்சந்திரனை நமக்கு வேறொரு சாதனையால் தெரியும். 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய வடிவம் கொண்டது என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து சொன்னவர் அவர். தாடை மூட்டின் வட்டு பெரும்பாலும் அந்தக் கொலாஜன் நாரால் ஆனது. அந்த மூட்டை நான் பார்க்கும் ஸ்கேனின் கணக்கிலும் அவர் பெயர் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தைக் கடந்து போகும்போது இதை நினைக்காமல் என்னால் போக முடிவதில்லை. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டும் என்ற ஆசையில்தான் இவ்வளவு விரித்துச் சொன்னேன்.

1984இல் ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் என்ற மூவர் இந்தக் கணக்கைக் கூம்பு வடிவக் கதிருக்கு விரித்தார்கள். 1990களின் இறுதியில் இத்தாலியின் வெரோனாவில் மோட்சோவின் குழுவும் ஜப்பானில் அராயின் குழுவும் அதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தன. சிபிசிடி என்று இன்று ஆய்வகப் பலகைகளில் நீங்கள் பார்ப்பது இதுதான். நோயாளி நின்றபடியோ உட்கார்ந்தபடியோ இருப்பார். தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு தாங்கி. கருவி ஒருமுறை சுற்றி வரும். அதற்குள் நூற்றுக்கணக்கான நிழற்படங்கள் பதிவாகிவிடும். அவற்றிலிருந்து கணினி கட்டும் முப்பரிமாணப் படத்தின் ஒவ்வொரு கனத்துளியும் அரை மில்லிமீட்டருக்கும் வெகுவாகக் குறைந்த பக்கம் கொண்டது. அதன்பின் கணினியில் அந்தக் குமிழின் சாய்வு எதுவோ அதற்கு இசைந்த கோணத்தில் குறுக்காகவும் நெடுக்காகவும் வெட்டுத் தோற்றங்களைப் பார்க்கலாம். தலை எப்படித் திரும்பியிருந்தது என்ற தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது.

அந்த வெட்டுத் தோற்றங்களில் எதைத் தேடுகிறோம்? முதலில் குமிழின் மேல்விளிம்பு. நல்ல எலும்பில் அது இடையறாத மெல்லிய வெள்ளைக் கோடாக ஓடும். அந்தக் கோடு அறுந்து, கீழே இருக்கும் துளைநிறைந்த எலும்பு திறந்து தெரிந்தால் அது அரிப்பு. கோட்டுக்கு அடியில் வட்டமான கருமை தெரிந்தால் உள்ளே சிறு குழி விழுந்திருக்கிறது. விளிம்பில், பெரும்பாலும் முன்பக்கத்தில், அலகுபோல எலும்பு நீட்டிக்கொண்டிருந்தால் அது எலும்பு முளை. சுமை தாங்கும் பரப்பை உடல் அகலப்படுத்திக்கொண்டதன் அடையாளம். குமிழின் உட்புறம் முழுக்க வெள்ளையாக இறுகிப் போயிருக்கலாம். குமிழுக்கும் குழிக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகியிருக்கலாம். குழியின் கூரையையும் பார்ப்போம். அது சில இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியது, அதற்கு மேலே மூளை.

தேய்மானம் என்று சொன்னதும் நம் மனதில் வருவது உராய்ந்து உராய்ந்து குறைந்துபோன ஒரு பொருள். எலும்பில் நடப்பது அவ்வளவு எளிதல்ல. எலும்பைக் கரைக்கும் செல்களும் கட்டும் செல்களும் எப்போதும் வேலையில் இருக்கின்றன. சுமை மிகும்போது, அல்லது உள்ளே அழற்சி மூளும்போது, கரைப்பவை முந்திக்கொள்கின்றன. அறுந்த கோடும் அரிப்பும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தின் அடையாளம். சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கட்டும் செல்கள் எட்டிப் பிடித்துவிட்டால் மேல்விளிம்பில் வெள்ளைக் கோடு மீண்டும் வரும். குமிழ் முன்பிருந்ததைவிடத் தட்டையாக, சற்றுக் குட்டையாக, ஆனால் உறுதியாக இருக்கும். அந்த மூட்டுக்குச் சொந்தக்காரர் முறுக்கைக் கடித்துத் தின்றுகொண்டிருப்பார்.

இந்த அடையாளங்களில் எவை நோய், எவை வெறும் மாற்றம் என்று வரையறுக்க அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு செய்தன. 2009இல் மன்சூர் அகமதும் குழுவினரும் வெளியிட்ட அதன் படிப்பு முறையைத்தான் இன்றும் நாங்கள் பின்பற்றுகிறோம். அரிப்பு, உட்குழி, எலும்பு முளை, முழுமையான இறுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மூட்டுச் சிதைவு. வெறும் தட்டையும், விளிம்புக்கு அடியில் மட்டும் சிறு இறுக்கமும் இருந்தால் தீர்ப்புச் சொல்லாதே என்கிறது அது. அதே ஆய்வில் மூன்று வல்லுநர்கள் தனித்தனியாகப் படங்களைப் படித்தார்கள். அவர்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளந்தார்கள். தற்செயலைக் கழித்தபின் 1 என்றால் முழு ஒற்றுமை. சிதைவைக் கண்டறிவதில் சிடியில் கிடைத்த அளவு 0.71. எம்ஆர்ஐயில் 0.46. ஓபிஜியில் 0.16. தேர்ந்த கண்களுக்கே ஓபிஜி இந்த விஷயத்தில் இவ்வளவுதான் உதவுகிறது. ஓபிஜியில் ‘மூட்டுத் தேய்மானம்’ என்று அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தால் அதை நம்பி யாரும் தூக்கம் கெட வேண்டாம். ஓபிஜியில் ஒன்றும் இல்லை என்றால் மூட்டு நன்றாக இருக்கிறது என்றும் முடிவு கட்ட வேண்டாம்.

வட்டைப் பார்க்க சிபிசிடி உதவாது. எலும்பை அவ்வளவு கூர்மையாகக் காட்டும் அந்தக் கருவிக்கு மென்மையான திசு வெறும் சாம்பல் மூட்டம். வட்டு இடம் நகர்ந்திருக்கிறதா, மூட்டில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐதான் வேண்டும். அதில் கதிர்வீச்சும் இல்லை. நீங்கள் கேட்கும் அந்த ‘டக்’ சத்தம் பெரும்பாலும் முன்னே நகர்ந்துவிட்ட வட்டின்மேல் குமிழ் ஏறும்போது எழுவது.

இங்கே ஒரு துயரமான வரலாற்றைச் சொல்ல வேண்டும். 1980களில் வட்டு விலகியிருப்பது படத்தில் தெரியத் தொடங்கியபோது, விலகிய வட்டை எல்லாம் திருத்தியாக வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, வட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெஃப்ளான் பூசிய செயற்கைத் தகடு வைத்தார்கள். மெல்லும் சுமையில் அந்தத் தகடு பொடிந்தது. பொடியை அழிக்க உடல் அனுப்பிய செல்கள் சுற்றியிருந்த எலும்பையும் சேர்த்துக் கரைத்தன. குமிழே காணாமல் போன எக்ஸ்ரேக்கள் வந்தன. குழியின் கூரையைத் துளைத்து மூளைப் பக்கம் வரை அரிப்பு போனவர்களும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்து அவற்றைத் திரும்பப் பெற வைத்தது. அதன்பிறகு, எந்தத் தொல்லையும் இல்லாத மனிதர்களை எம்ஆர்ஐயில் பார்த்த ஆய்வுகள் வந்தன. வலியே இல்லாதவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வட்டு விலகித்தான் இருந்தது. இந்த ஆய்வுகள் முன்பே நடந்திருந்தால் எத்தனை பேரின் தாடை தப்பியிருக்கும் என்று எண்ணும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

எலும்பிலும் அதே கதைதான். படத்தில் கடுமையான சிதைவு இருக்கும், ஆள் சௌக்கியமாக இருப்பார். வாயைத் திறக்க முடியாத வலியோடு ஒருவர் வருவார், குமிழ் பளிங்காக இருக்கும். வலி மூட்டில் அல்ல, மெல்லும் தசையில் இருக்கும். சிதைவின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் நேர்க்கணக்கு இல்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வயது ஏற ஏற இந்த மாற்றங்கள் கூடும். வலியோ நடுவயதைத் தாண்டியபின் பலருக்குத் தணிந்துவிடும்.

இளைஞர்களின் படத்தில் வேறொரு பொறி இருக்கிறது. பதின்பருவத்தில் குமிழின் மேல்விளிம்பில் அந்த வெள்ளைக் கோடு இன்னும் முழுமையாக வந்திருக்காது. 12, 13 வயதில் தோன்றத் தொடங்கி, 21, 22 வயதில்தான் அது நிறைவடைகிறது. பல்லுக்குக் கம்பி போடுவதற்காக எடுத்த ஸ்கேனில் பதினைந்து வயதுப் பெண்ணின் குமிழில் கோடு மங்கலாக இருப்பதைப் பார்த்து அரிப்பு என்று எழுதிவிட்டால், அந்த வீட்டில் எத்தனை இரவுகள் கலக்கமாகக் கழியும்! படத்தைப் படிப்பவர் முதலில் படிக்க வேண்டியது நோயாளியின் வயது.

அப்படியென்றால் படமே வேண்டாமா என்று கேட்பீர்கள். சில இடங்களில் படம் எடுக்காமல் விடுவது பெரிய தவறு.

குழந்தை விழுந்து முகவாயில் அடிபட்டு, தோல் கிழிந்து, இரண்டு தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முகவாயில் விழுந்த அடி எலும்பு வழியாக மேலேறி இரண்டு குமிழ்களையும் தாக்குகிறது. குமிழ் நொறுங்கியிருந்தால், அதைச் சுற்றிய இரத்தக்கட்டு மெல்ல மெல்ல எலும்பாக இறுகி, தாடை மண்டையோட்டோடு ஒட்டிப்போகும். குழந்தைக்கு வாய் திறக்காது. தாடையும் வளராது, வளர்ச்சி நடக்கும் முக்கியமான இடமே அந்தக் குமிழ்தான். நம் நாட்டில் இப்படி வாய் திறக்க முடியாமல் பெரிய மருத்துவமனைகளுக்கு வந்து சேரும் பிள்ளைகளில் பலருக்கு முகவாயின் அடியில் ஒரு பழைய தழும்பு இருக்கும். இங்கிருக்கும் தாய்மார்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளை முகவாயில் பலமாக விழுந்தால், இரத்தம் நின்றதும் விட்டுவிடாதீர்கள். வாய் திறக்கும் அளவு குறைகிறதா, திறக்கும்போது ஒரு பக்கம் கோணுகிறதா, பல் முன்போல் சேர்ந்து கடிக்கிறதா என்று பாருங்கள். ஏதேனும் மாறியிருந்தால் மூட்டைப் படம் எடுத்தே ஆக வேண்டும்.

குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் இன்னொன்று. முழங்கால் வீங்கும், எல்லோருக்கும் தெரியும். தாடை மூட்டு பல நேரம் வலியே காட்டாமல் உள்ளுக்குள் சிதையும். முகவாய் பின்தங்கிப் போனபின்தான் கண்ணில் படும். இதில் தொடக்க அழற்சியைக் காட்ட வல்லது எம்ஆர்ஐ. பதின்பருவப் பெண்களிலும் இளம்பெண்களிலும் காரணம் புலப்படாமல் இரண்டு குமிழ்களும் கரைந்து, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழும் நிலையும் உண்டு. கடி மாறிக்கொண்டே போகிறது என்று ஓர் இளம்பெண் சொன்னால், கம்பி போடுவதற்கு முன்பு அந்தக் குமிழ்கள் இன்னும் கரைந்துகொண்டிருக்கின்றனவா, நின்றுவிட்டனவா என்று தெரிந்தாக வேண்டும்.

கரைகிறதா, நின்றுவிட்டதா? இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு படம் விடை சொல்லாது. காலம் கடந்து எடுத்த இரண்டு படங்கள் வேண்டும். இந்தத் துறையில் இப்போது என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். அமெரிக்காவில் லூசியா செவிடானெஸும் அவருடன் பணியாற்றுவோரும், ஒருவரின் முந்தைய ஸ்கேனையும் பிந்தைய ஸ்கேனையும் மாறாத எலும்புப் பகுதிகளை ஆதாரமாக வைத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். குமிழின் எந்த முகத்தில் எலும்பு குறைந்தது, எந்த முகத்தில் கூடியது என்பது வண்ணங்களாக விரிகிறது. நன்றாக இருக்கும் மூட்டுகளின் சராசரி வடிவத்தையும் சிதைந்தவற்றின் சராசரி வடிவத்தையும் ஒப்பிடுகிறார்கள். இதற்கான மென்பொருள்கள் பல இலவசம். நம் மாணவர்கள் நாளைக்கே தரவிறக்கித் தொடங்கலாம்.

இரண்டு படம் என்றதும் கதிர்வீச்சு அச்சம் எழும், எழுவது நல்லதுதான். அளவைச் சொல்லிவிடுகிறேன். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2400 மைக்ரோசீவர்ட் பெறுகிறோம். ஓர் ஓபிஜி பெரும்பாலும் 10 முதல் 25 மைக்ரோசீவர்ட். சில நாள் இயற்கைக் கதிருக்குச் சமம். சிபிசிடி சில பத்துகளிலிருந்து சில நூறுகள் வரை போகும். கருவியையும், எவ்வளவு பகுதியைப் படம் எடுக்கிறோம் என்பதையும் பொறுத்தது. மூட்டு மட்டும் வேண்டுமானால் முழு முகத்தையும் எடுக்கத் தேவையில்லை. எழுதிக்கொடுக்கும் மருத்துவர் என்ன கேள்விக்காக எடுக்கிறோம் என்று சீட்டில் ஒரு வரி எழுதினால் போதும், எங்களால் அளவைக் குறைத்துவிட முடியும். சத்தம் மட்டும் கேட்கிறது, வலி இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது என்றால் ஸ்கேன் தேவையே இல்லை. வலி இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்குச் சில வாரம் மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், பகலில் பல்லைக் கடித்து வைத்திருக்கும் பழக்கத்தை விடுதல், தேவைப்பட்டால் இரவில் பல்லுக்கு ஓர் உறை ஆகியவையே போதுமானவை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் ஊரில் எக்ஸ்ரேயும் ஸ்கேன் தகடும் நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். வீடு மாற்றும்போது அவை குப்பைக்குப் போய்விடுகின்றன. போடாதீர்கள். ஓபிஜி என்றால் அதன் உறையில் தேதியை எழுதி வையுங்கள். சிபிசிடி எடுத்தால், அச்சிட்ட தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், முழுப் பதிவையும் டைகாம் கோப்பாகக் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள், அது உங்களுடையது. மூட்டில் ஏதோ மாற்றம் என்று ஒரு மருத்துவர் சொன்னால், உங்களிடம் இருக்கும் பழைய படத்தை, அது கடைவாய்ப்பல் பிடுங்குவதற்காக எடுத்ததாக இருந்தாலும் சரி, கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.